ஊற்றுக்கு ஈடு மரக்கன்றா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு சாலை விரிவாக்கச் செய்தி வந்திருந்தது. "வெட்டப்படும் மரம் ஒவ்வொன்றுக்கும் பதிலாக 10 மரக்கன்றுகள் நடப்படும்" என்று அது முடிந்தது. இந்த வரியை எத்தனையோ வருடமாகப் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு கேட்காமல் போகும், எழுதாமல் விட்டுவிடுவேன். இந்த முறை எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டும்.

கோத்தகிரி வட்டத்தில் ஒரு ஊராட்சியில் 28 வருடம் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்து 2021-இல் ஓய்வு பெற்றவன் நான். ஊரில் என்னைத் தண்ணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. தனி ஆள் யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் ஊரில் நடந்ததுதான் பல ஊர்களில் நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் தொட்டிக்கு மோட்டார் கிடையாது. தேயிலைச் சரிவுக்குக் கீழே, இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் ஏறக்குறைய 2 ஏக்கர் சதுப்பு இருந்தது. அதன் கீழ் ஓரத்தில் ஒரு ஊற்றுக்கண். அங்கிருந்து குழாய் வழியே தண்ணீர் தானாக இறங்கி 30,000 லிட்டர் தொட்டிக்கு வந்துவிடும். மின்சாரம் போனாலும் ஊருக்குத் தண்ணீர் நின்றதில்லை.

அந்தச் சதுப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் புல்தரை மாதிரி இருக்கும். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். ஒரு குச்சியைச் செருகினால் முழ ஆழம் கறுப்பு மண்ணில் வழுக்கிக்கொண்டு போகும். பங்குனி மாத வெயிலிலும் அந்த மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டும். ஓரங்களில் அழுகண்ணிச் செடி முளைத்திருக்கும். விரல் நகத்தைவிடச் சின்ன இலை, அதைச் சுற்றிச் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பனித்துளி போல ஒரு பசை. காலை ஏழு மணிக்குக் குனிந்து பார்த்தால் அந்தப் பசையில் ஒரு சிறு கொசு ஒட்டிக்கொண்டு கால் உதைப்பது தெரியும். வால்வு திறக்கப் போகும் நேரத்தில் எத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சாயங்காலம் காட்டுமாடுகள் கூட்டமாக வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்.

2012-இல் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பியது. அங்கே வரும் வண்டிகள் நிற்க இடம் வேண்டும் என்று சதுப்பை மூடினார்கள். ஒன்பது நாள் டிப்பர் டிப்பராக மண் வந்தது, பொக்லைன் நிரவியது. காகிதத்தில் அது பயன்பாடற்ற நிலமாம். ஓரத்தில் நின்ற 14 மரங்களுக்கு மட்டும் கணக்கு இருந்தது. நாவல் 5, மற்றதெல்லாம் சீகை, அதாவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம். 14 மரத்துக்கு 140 கன்று என்று எழுதிக் கையெழுத்து ஆயிற்று. சதுப்பைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

கன்றுகளை எங்கே நட்டார்கள் தெரியுமா? இரண்டு மலை தள்ளி, வேறு ஓடைக்குத் தண்ணீர் போகும் பக்கத்தில், ஒரு புல்மலை உச்சியில். தவுட்டுப்பழச் செடிகளும் புல்லும் மட்டும் இருந்த இடம். அந்தச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குழி எடுத்தார்கள். ஜூன் மாதம் நட்டபோது பலகை வைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த தை மாத உறைபனியில் பெரும்பாலான கன்றுகள் கருகின. சித்திரையில் நான் நேரில் போய் எண்ணினேன். உயிரோடு இருந்தவை 31, அதிலும் பாதிக்கு மேல் சில்வர் ஓக். பலகை மட்டும் ரொம்ப நாள் நின்றது.

சரி, கன்று எல்லாமே பிழைத்திருந்தால் ஈடாகியிருக்குமா? அங்கேதான் என் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். மாதம் ஒரு தடவை ஊற்றுக் குழாயின் வாயில் 15 லிட்டர் குடத்தை வைத்து, அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். நொடி கூடினால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம், சண்டை வராது என்பார். அப்படி எழுதிய மூன்று நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. சதுப்பு மூடுவதற்கு முன்னால், மழை ஓய்ந்து மாதக்கணக்கான பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குடம் நிறைய 12 நொடி, கூடிப்போனால் 14. ஏழு மணி நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். மூடிய இரண்டாம் வருடம் அதே மார்ச்சில் 25 நொடி. 2018 மார்ச்சில் 40. அதாவது ஒரு தொட்டி நிறைய ஏறக்குறைய ஒரு பகலும் இரவும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோடைக் கணக்கை நான் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

மழைக்காலத்தில் மட்டும் ஊற்று முன்னைவிட வேகமாகக் கொட்டியது, அதுவும் கலங்கலாக. மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட பஞ்சை எடுத்துவிட்டோம். பிறகு மழை பெய்தால் ஓடிவிடும், வெயில் அடித்தால் வற்றிவிடும், அவ்வளவுதான். 140 கன்றும் ஆளுயரம் வளர்ந்திருந்தாலும் பங்குனி மாதத்தில் எங்கள் தொட்டிக்கு ஒரு குடம் கூடுதலாக வந்திருக்காது.

மரம் என்றாலே தண்ணீர் என்று ஒரு நம்பிக்கை எல்லோருக்கும் இருக்கிறது. மலை மடிப்புகளில் தானாக வளர்ந்த சோலைக்காட்டு மரத்துக்கு அது பொருந்தும். எல்லா மரத்துக்கும், எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இதை நம் மாவட்டத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். உதகையில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றில் ஒரு பகுதியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, வருடக்கணக்கில் ஓடைத் தண்ணீரை அளந்தார்கள். நட்ட பக்கத்தில் முதல் சுற்றில் தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் 25 சதவீதம். புல்வெளியில் மரம் நட்டால் ஓடைக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரிச் சதுப்புகளின் அடியில் இருக்கும் கறுப்பு மண்ணை விஞ்ஞானிகள் எடுத்து ஆராய்ந்தபோது அதன் வயது 20,000 வருடத்துக்கு மேல் போயிற்று. புல்லும் நாணலும் மக்கி மக்கிச் சேர்ந்த மண் அது. அந்தக் காலத்திலேயே இங்கே புல்வெளிகள் இருந்திருக்கின்றன என்பதையும் அதிலிருந்து கண்டுபிடித்தார்கள். ஆகவே நம் புல்மலைகள் யாரோ காட்டை அழித்ததால் வந்த வெற்றிடம் கிடையாது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேய்வதே சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல்லைக் கொண்டுதான். சதுப்பு போனால் புல் போயிற்று, கூரையும் போயிற்று. அதற்கு எந்தக் கன்றை ஈடாக நடுவது?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். காட்டை வேறு காரியத்துக்கு எடுத்தால் ஈடு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1980-ஆம் வருட வனப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வந்தது. அதற்கு உயிர் கொடுத்த வழக்கு நம் மாவட்டத்தைப் பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்ற பெரியவர் கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு நாடு முழுவதற்கும் பொருந்தியது. ஈட்டுப் பணத்துக்குத் தனி நிதி பிறந்ததும் அந்த வழக்கில்தான். 2016-இல் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆக, பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் வேலை எப்படி நடந்தது? இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013-இல் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. 2006 முதல் 2012 வரை காட்டுக்கு ஈடாக வந்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர். வந்து சேர்ந்தது 28,086. அதில் மரம் நட்டது 7,281 ஹெக்டேர். நூற்றுக்கு ஏழு.

சதுப்புக்கு அந்த ஏழும் கிடையாது. ஈரநிலங்களுக்கென்று 2017-இல் வந்த விதிகள் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் அரசு அறிவிக்கை செய்தவற்றுக்கும்தான் காவல். கோத்தகிரி லாங்வுட் சோலை 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். 116 ஹெக்டேர் சோலை, அதன் தண்ணீரை நம்பிக் கீழே பல ஊர்கள் இருக்கின்றன. உள்ளூர் மக்களே காவல் இருந்து காப்பாற்றிய காடு அது. ஆனால் எங்கள் 2 ஏக்கர் சதுப்பு எந்தப் பட்டியலில் வரும்? மடிப்புக்கு ஒன்றாக நீலகிரி முழுக்கக் கிடக்கும் சின்னச் சின்னச் சதுப்புகள் வருவாய்க் கணக்கில் ஓடைப் புறம்போக்காகவோ யாருடைய பட்டாவாகவோ இருக்கின்றன. மரம் இல்லாததால் காடு ஆகாது, ஏரி போலத் தண்ணீர் தெரியாததால் நீர்நிலை ஆகாது. மூடினால் கேட்க ஆள் இல்லை. கட்டடம் கட்டுபவர்களை மட்டும் சொல்லவில்லை. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் வாய்க்கால் வெட்டி வடித்த சதுப்புகளும் ஏராளம். அது எங்கள் ஆட்கள் செய்ததுதான்.

அமெரிக்காவில் சதுப்பை மூடினால் சதுப்பைத்தான் ஈடாகக் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதாகக் கோவையில் தாவரவியல் படிக்கும் என் பேத்தி எடுத்துப் படித்துக் காட்டினாள். அங்கேயும் செயற்கையாகச் செய்த சதுப்புகள் பழைய சதுப்பின் வேலையைச் செய்யவில்லை என்று 2001-இல் அவர்கள் நாட்டு ஆய்வுக் குழுவே சொல்லியிருக்கிறது. அப்புறம் 2008-இல் விதியைத் திருத்தி, குறைந்தது 5 வருடம் கண்காணிக்க வேண்டும் என்று வைத்தார்களாம். நமக்கு ஐந்து வருடம் வேண்டாம், ஒரு கோடையாவது வந்து பார்த்தார்களா?

வளர்ச்சியே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. நான் இலங்கையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடும் செய்துகொண்ட சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி 1972-இல் ஆறு வயதுப் பையனாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியிருந்தது. காட்டை வெட்டித்தான் தேயிலை வைத்தார்கள். என் அப்பாவும் வெட்டினார். பெரிய மரம் ஒன்று சாயும்போது குரங்குகள் அடுத்த மரத்துக்குத் தாவிக் கத்தியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தேயிலையில்தான் நாங்கள் ஐந்து பிள்ளைகளும் சாப்பிட்டோம். அதனால் ரோடு வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், வீடு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல் பிரசவத்துக்குத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு போன காலத்தையும் பார்த்தவன்தான். காடு கொடுத்து வாழ்ந்தோம் என்பதால்தான் அதற்கு ஈடு என்று சொல்லும்போது அது உண்மையான ஈடாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. எங்கள் ஊருக்கு மேலே இன்னொரு சதுப்பு, ஒரு சிறு தேயிலை விவசாயியின் பட்டா நிலத்தின் கீழ்க்கோடியில் இருக்கிறது. அவருடைய தாத்தா காலத்தில் வடிகால் வெட்டி, பிறகு சீகை மண்டிப்போய், ஈரமே இல்லாமல் கிடந்தது. 2018 கோடையில் எங்கள் தொட்டி காய்ந்ததைப் பார்த்துவிட்டு அவரே வந்து, "அண்ணே, அந்தச் சீகையை எடுத்துப் பார்ப்போமா?" என்று கேட்டார். மலைப்பகுதியில் பட்டா மரத்தையும் 1955-ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அலைந்து அனுமதி வாங்கவே எட்டு மாதம் ஆயிற்று. மரத்தை வெட்டினோம். வடிகாலின் குறுக்கே நாலு இடத்தில் கல்லும் புல்கரணையும் வைத்து அடைத்தோம். அதற்கு மேல் ஒன்றும் நடவில்லை. வருடா வருடம் ஊர்ப் பிள்ளைகள் போய் முளைத்து வரும் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்குகிறார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால் அந்த வேலை இப்போதைக்கு முடியாது. முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வருடம் நாணல் தானாக வந்தது. போன மார்ச்சில் குடம் நிறைய 29 நொடி. பழைய 12-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனாலும் 40 நொடியில் நின்ற குடம் 29-க்கு இறங்கியதைப் பார்த்த அன்று நானும் அந்த விவசாயியும் குழாய் வாயிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

புதிதாக ஒரு சதுப்பை மனிதனால் செய்ய முடியாது. கெட்டுப்போனதைக் கொஞ்சம் மீட்க முடியும். ஆகவே மூடாமல் இருக்க முடிந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்று கேட்கிறேன். வழியே இல்லையென்றால், அதே ஓடையில், அதே ஊர் தண்ணீர் குடிக்கும் பக்கத்தில், சீகை மண்டியோ வடிகால் வெட்டியோ பாழான சதுப்பைக் கண்டுபிடித்து மீட்க அந்தப் பணத்தைச் செலவிடட்டும். அந்த வேலை பாதியாவது நடந்த பிறகுதான் இந்தப் பக்கம் பொக்லைன் இறங்க வேண்டும். எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கோடு, ஊற்றில் கோடைத் தண்ணீர் எவ்வளவு என்ற கணக்கையும் மூடும் முன்னாலும் பின்னாலும் எழுதட்டும். அதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு குடமும் கைக்கடிகாரமும் போதும். புல்மலையில் குழி தோண்டுவதை அடியோடு நிறுத்த வேண்டும். சோலை மரம் நட வேண்டுமா, கைவிட்ட தேயிலை இருக்கிறது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர 2022-இல் அரசு முடிவெடுத்ததே. அங்கே வேலை பார்த்த குடும்பங்களுக்கு வீடும் வேலையும் உறுதி செய்துவிட்டு, என் அப்பா வெட்டிய இடத்தில் நாவலும் காட்டுப்பூவரசும் நடட்டும். கன்று தூக்க நானும் வருகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிய சாலைக்காக இந்த வட்டத்தில் இடம் பார்க்க அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்று அதே செய்தியில் இருந்தது. ஜூனில் வர வேண்டாம். மழையில் எல்லா இடமும் ஈரமாகத்தான் இருக்கும், எது சதுப்பு என்று தெரியாது. பிப்ரவரி கடைசியில், காலை ஆறரை மணிக்கு வரட்டும். மலை முழுக்கப் புல் காய்ந்து பழுப்பாக இருக்கும்போது எந்த மடிப்பில் பச்சை நிற்கிறதோ அங்கே நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். மூன்று நோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.